உங்களுக்குத் தெரியுமா? பல் செட் கட்டுவது யார்?

● பல் செட் வேண்டுமென்றால் பல் டாக்டரிடம்தான் போயாக வேண்டும் என்று எல்லா நாட்டிலும் சட்டம் இல்லை. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்காவில் சில மாநிலங்கள் என்று பல இடங்களில், டாக்டருக்குப் படிக்காத ஒருவர் பல் செட் தொழிலுக்கென்றே பயிற்சி பெற்று, உரிமம் வாங்கி, சொந்தமாகப் போர்டு மாட்டிக்கொண்டு உட்காரலாம். வந்தவரின் வாயில் அச்சு எடுத்து, செட் செய்து, அவரே மாட்டியும் விடலாம். கனடாவில் இவரை டெஞ்சரிஸ்ட் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டெண்டல் புராஸ்தெடிஸ்ட், பிரிட்டனில் கிளினிக்கல் டெண்டல் டெக்னீஷியன். பல் பிடுங்கவோ சொத்தை அடைக்கவோ இவருக்கு அனுமதி கிடையாது.

● அப்படியானால் டாக்டரை விட்டுவிட்டு இவரிடம் போகிறவர் யார்?

காசில்லாதவர் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். பாதி சரி. ஆனால் பர்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைப் பார்க்க வேண்டும். பொதுவாக, ஒரு பல்லும் மிச்சமில்லாதவர்கள் டெஞ்சரிஸ்டிடம் போகிறார்கள். நாலைந்து பல்லாவது நிற்கிறவர்கள் டாக்டரிடம் போகிறார்கள். பல் இருக்கிறவருக்கு ஏற்கெனவே ஒரு டாக்டர் இருப்பார். சொத்தை, ஈறு வீக்கம், பல் சுத்தம் செய்வது என்று ஏதாவது ஒன்றுக்கு அங்கே போய்க்கொண்டிருப்பார். பல் செட்டும் அதே நாற்காலியில் முடிந்துவிடும். எல்லாப் பல்லும் போனவருக்கு அந்தப் போக்குவரத்தே அறுந்துவிடுகிறது. வலி இல்லை, சொத்தை இல்லை, டாக்டரைப் பார்க்கக் காரணமும் இல்லை. பத்து வருடம் கழித்துச் செட் லொடலொடக்கும்போது, பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன இடத்துக்குப் போகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. டெஞ்சரிஸ்டிடம் அளவெடுத்தவரே தைத்துக் கொடுக்கிற வசதி. செட் ஈறில் உரசினால் உள்ளே எடுத்துப் போய், தேய்த்து, அஞ்சு நிமிஷத்தில் திரும்பி வருவார். ஆக, முதல் செட்டுக்கு டாக்டர், இரண்டாவது மூன்றாவதுக்கு டெஞ்சரிஸ்ட் என்று மாறுகிறவர்களும் உண்டு. வயது, வருமானம், ஊரில் டாக்டர் இருக்கிறாரா என்பதெல்லாம் இதற்கு மேல் சேருகிற கணக்கு.

● நீங்கள் டாக்டரிடம் போனாலும் உங்கள் செட்டை டாக்டர் செய்வதில்லை.

பல பேருக்கு இது தெரியாது. டாக்டர் அச்சு எடுப்பார். அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுப்பது, மெழுகில் ஈறு கட்டுவது, பல்லை ஒவ்வொன்றாக வரிசை பார்த்து மெழுகில் நிறுத்துவது, பிறகு பித்தளைப் பெட்டிக்குள் பிளாஸ்டரோடு பூட்டி, மெழுகை வெந்நீரில் உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக் மாவை அழுத்தி, நீரில் வேகவைத்து எடுப்பது, சொரசொரப்பு போகப் பாலிஷ் பிடிப்பது எல்லாமே லேபில் இருக்கும் டெண்டல் மெக்கானிக்கின் வேலை. நடுவில் ஒருநாள் மெழுகுச் செட்டை வாயில் வைத்து 'ட்ரையல்' பார்ப்பார்கள். "அறுபது, அறுபத்தொண்ணு சொல்லுங்க" என்று நோயாளியை எண்ணச் சொல்லி, மேலும் கீழும் இடிக்கிறதா என்று கவனிப்பார்கள். செட் கட்ட நாலைந்து தடவை வரச் சொல்வது இதனால்தான்.

மெக்கானிக் பெரும்பாலும் அந்த நோயாளியின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார். பார்க்காத முகத்துக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவர்கள், 'நாங்களே நேரில் பார்த்துச் செய்தால் என்ன?' என்று கேட்டதிலிருந்துதான் பல நாடுகளில் சண்டை தொடங்கியது.

● அந்தச் சண்டையில் ஆஸ்திரேலியாவில் முதலில் ஜெயித்தது டாஸ்மேனியா தீவு. 1957லேயே அங்கே மெக்கானிக்குகள் பொதுமக்களுக்கு நேரடியாகச் செட் செய்து கொடுக்கச் சட்டம் வழிவிட்டது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன.

● ஒரே ஒரு பல் சட்டத்தையே மாற்றிவிடும்.

பிரிட்டனில் 2007ல் கிளினிக்கல் டெண்டல் டெக்னீஷியன்களுக்கெனப் பதிவேடு திறந்தார்கள். பொக்கை வாயாக இருந்தால் நோயாளி நேரே இவர்களிடம் போய் முழு செட் கட்டிக்கொள்ளலாம். வாயில் ஒரு பல் நின்றாலும், அல்லது எலும்பில் பதித்த ஒரு இம்ப்ளான்ட் இருந்தாலும், முதலில் பல் டாக்டர் பார்த்துச் சிகிச்சைத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். பின்லாந்திலும் ஏறக்குறைய இதே கோடுதான்: முழு செட், அதுவும் பல்லே இல்லாத ஆரோக்கியமான வாய்க்கு மட்டும். ஆனாலும் அங்கே எந்த உரிமமும் இல்லாத லேப் ஆட்களிடம் கள்ளத்தனமாகச் செட் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதனால் அங்கே செட்டின் தரத்தை ஆராய வந்தவர்கள் டாக்டர், டெஞ்சரிஸ்ட், லேப் டெக்னீஷியன் என்று மூன்று வரிசையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. உரிமம் கொடுத்துவிட்டால் கள்ள வேலை நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

● பல் செட்டுக்காக ஓட்டுப் போட்ட ஊர் உண்டு.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965ல் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தார்கள், டாக்டர் ஃபீஸ் கொடுத்தார்கள். பல்லையும் பல் செட்டையும் சட்டத்திலேயே பெயர் சொல்லி வெளியே நிறுத்திவிட்டார்கள். செட் தேவைப்படும் வயதில் இருப்பவர்கள்தான் மெடிகேருக்குள் வருகிறவர்கள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது. பென்ஷன் பணத்தில் முழுத் தொகையையும் கட்ட வேண்டிய நிலை.

ஓரிகன் மாநிலத்தில் விஷயம் தெருவுக்கு வந்தது. அங்கே போதுமான கையெழுத்து சேர்த்தால் மக்களே ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்றலாம். டெஞ்சரிஸ்டுகளும் முதியோர் அமைப்புகளும் சேர்ந்து ஏற்றினார்கள். பல் டாக்டர் சங்கம் எதிர்த்தது: வாயில் வரும் நோயை இவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். 1978 நவம்பரில் வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் டெஞ்சரிஸ்டுக்கே ஓட்டுப் போட்டார்கள். ஒரு தொழில் தகராறில் மக்கள் இவ்வளவு தெளிவாகப் பேசுவது அபூர்வம்.

டாக்டர்கள் சொன்னதையும் சட்டம் முழுக்கத் தள்ளிவிடவில்லை. டெஞ்சரிஸ்டிடம் போகுமுன், வாயில் நோய் இல்லை, செட் தாங்கும் என்று ஒரு பல் டாக்டரோ பொது மருத்துவரோ முப்பது நாளுக்குள் கொடுத்த சான்று வேண்டும் என்று வைத்தார்கள். வாய் நோய்களைப் பற்றித் தனியாகப் படித்துத் தேறிய டெஞ்சரிஸ்டுக்கு மட்டும் அந்தச் சான்று தேவையில்லை.

ஓரிகனுக்கு ஒரு வருடம் முன்னால், 1977ல், மெயின் மாநிலம் பாதிக் கதவைத் திறந்திருந்தது: டெஞ்சரிஸ்ட் வேலை பார்க்கலாம், ஆனால் டாக்டரின் மேற்பார்வையில். வாஷிங்டன் மாநிலத்தில் 1994ல் மறுபடி மக்கள் ஓட்டு, மறுபடி டெஞ்சரிஸ்டுக்கு வெற்றி. நியூயார்க், கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலங்களில் கதவு இன்றும் சாத்தியே கிடக்கிறது.

● அமெரிக்காவில் பல் செட்டைத் தபாலில் அனுப்பினால் ஜெயில்!

மிகைப்படுத்தவில்லை. ஒரு காலத்தில் அங்கே பத்திரிகை விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டால் அச்சு எடுக்கும் சாமான் வீட்டுக்கு வரும். வாயில் வைத்துக் கடித்துத் திருப்பி அனுப்பினால் செட் தபாலில் வந்து சேரும். டாக்டர் இல்லாத கிராமத்து ஆட்களும், கையில் காசு குறைந்தவர்களும் இதை வாங்கினார்கள். தானே கடித்து எடுத்த அச்சில் ஈறின் ஓரம் சரியாக விழாது. வந்த செட் வாயில் நிற்காது. 1942ல் மத்திய அரசு சட்டம் போட்டது: உரிமம் இல்லாத ஒருவர் எடுத்த அச்சை வைத்துச் செய்த பல் செட்டை, அதைத் தடை செய்திருக்கும் மாநிலத்துக்குத் தபாலிலோ வேறு வழியிலோ அனுப்புவது குற்றம், ஓராண்டு வரை சிறை. அந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

● ஹாங்காங்கில் பல் டாக்டர்களுக்கென்றே ஒரு 'சட்டமில்லாத் தெரு' இருந்தது.

கவுலூன் மதில் நகரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 2.6 ஹெக்டேர் நிலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் அடைந்து கிடந்த இடம். பிரிட்டிஷ் ஆட்சிக்கும் சீனாவுக்கும் இடையில் யாருடையது என்று தீராமல் கிடந்ததால் அரசாங்க உத்தரவுகள் அதன் வாசலோடு நின்றுவிடும். அதன் ஓரமாகப் போன தெருவில், கண்ணாடிப் பெட்டியில் பல் செட்டுகளை அடுக்கிவைத்து, வரிசையாகப் பல் வைத்தியக் கடைகள். உள்ளே இருந்தவர்களில் பலர் சீனாவில் முறையாகப் படித்தவர்கள். அந்தப் படிப்பை ஹாங்காங் ஏற்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் போலி!

போனவர்கள் யார் என்றால் ஹாங்காங்கின் சாதாரண உழைப்பாளிகள். வெளியே கேட்கும் காசுக்குக் கட்டுப்படியாகாதவர்கள், பஸ் பிடித்து வந்து பல் கட்டிக்கொண்டு போனார்கள். 1993-94ல் மதில் நகரத்தை இடித்தார்கள். இப்போது அங்கே பூங்கா.

● நம் நாட்டுக் கதை இதைவிடச் சுவாரஸ்யமானது.

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920ல்தான் கல்கத்தாவில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அதுவரையிலும், அதற்குப் பிறகும் வெகுகாலம், பல் கட்டுவது கைத்தொழிலாகத்தான் இருந்தது. அப்பாவிடம் மகன் கற்றுக்கொண்டான். சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தாவில் இதில் பேர் வாங்கின. பிறகு சீனக் குடும்பங்கள் நாட்டின் பல நகரங்களுக்கும் பரவின. தமிழ்நாட்டு நகரங்களில் 'சைனீஸ் டென்டல்' போர்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பார்கள். நல்ல கைவேலை, மிதமான காசு, அதிகம் பேச மாட்டார்கள். எங்கள் பெரியப்பா அப்படிக் கட்டிக்கொண்ட ஒரு செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் மாட்டி, பந்தியில் உட்கார்ந்ததும் கழட்டிவிடுவார். சாப்பிட அது இடைஞ்சலாம்!

1948ல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, இந்தக் கைத்தொழில்காரர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஒரே நாளில் எல்லாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. பதிவேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். 'ஏ' பகுதியில் பட்டம் பெற்றவர்கள். 'பி' பகுதியில் பட்டம் இல்லாமல் இதையே பிழைப்பாக நடத்திவந்தவர்கள். 'பி' பகுதியில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் பி.டி.எஸ். படித்து 'ஏ'வுக்கு நகர்ந்த குடும்பங்கள் உண்டு.

அதே சட்டம் டெண்டல் மெக்கானிக்குக்கும் தனியாக வரையறை கொடுத்தது: செட் செய்வார், பழுது பார்ப்பார். வாயில் பொருத்துவது பல் மருத்துவரின் வேலை என்று பிரித்துவிட்டார்கள். ஆக, கனடாவில் டெஞ்சரிஸ்ட் சட்டப்படி செய்வதை நம் ஊர் மெக்கானிக் செய்தால் குற்றம். 2023ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. இந்தப் பிரிவினை மட்டும் மாறவில்லை.

● நடைபாதைப் பல் வைத்தியரிடம் யார் உட்காருகிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா?

பழைய டெல்லியிலும், பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் பக்கத்திலும் இந்தக் கடைகளைப் படம் எடுக்காத வெளிநாட்டுப் பத்திரிகையாளர் இல்லை. தரையில் விரித்த துணி, அதன்மேல் பல வரிசைப் பற்கள், ஒரு கைக்கண்ணாடி, இரண்டு புட்டி. மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலைக்காரர், ஊருக்குப் புதிதாக வந்தவர் ஆகியோர்தான் வாடிக்கை. பெரும்பாலும் முன்பல் ஒன்றோ இரண்டோ போனவர்கள். இவர்களுக்கு நாலைந்து தடவை வரச் சொல்கிற கிளினிக் என்றால் நாலைந்து நாள் கூலி போகும். நடைபாதையில் உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். விலை குறைவு என்பதைவிட, 'இன்றைக்கே' என்பதுதான் இங்கே விற்கிற சரக்கு.

விலை என்னவென்று பிறகு தெரியும். புட்டியில் இருப்பது தானாக இறுகும் அக்ரிலிக். பொடியையும் திரவத்தையும் குழைத்து, ரெடிமேட் பல்லை அந்தக் குழையலில் பதித்து, இரண்டு பக்கத்து நல்ல பற்களோடு சேர்த்து அப்பிவிடுவார்கள். சில இடங்களில் கம்பி போட்டும் கட்டுவார்கள். கழட்டி மாட்ட வேண்டிய பொருள் வாயில் நிரந்தரமாகிவிடுகிறது. சோறும் அழுக்கும் அடியில் போகும், எடுத்துக் கழுவ வழியில்லை. ஈறு வீங்கும். ஒரு பல்லுக்காக உட்கார்ந்தவர் இரண்டு பக்கத்துப் பல்லையும் ஆட்டங்கொடுத்து இழக்கிறார். அப்புறம்தான் அரசு பல் மருத்துவமனை வாசல். அங்கே இருக்கும் டாக்டர்களுக்கு, மாணவர்களுக்கு, இந்த இளஞ்சிவப்பு அப்பல் நன்றாகப் பழகிய காட்சி.

● ரப்பர் வில்லைச் செட் கேள்விப்பட்டதுண்டா? மேல் செட் விழாமல் நிற்க, அண்ணத்தை ஒட்டும் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் வில்லையைப் பதிப்பார்கள். உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நோயாளிக்கு ரொம்பச் சந்தோஷம். வருடக்கணக்கில் அதே இடத்தை உறிஞ்சினால் சதை அரிக்கும், எலும்பு கரையும், கடைசியில் அண்ணத்தில் ஓட்டை விழுந்து குடித்த தண்ணீர் மூக்கில் வரும். இந்தியப் பல் மருத்துவ இதழ்களில் இப்படி வந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் பல உண்டு. வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய செட் இருந்தால் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

● நடைபாதை ஆள் என்றால் படிக்காதவர், படித்தவர் என்றால் கௌரவமாக நடப்பவர் என்ற கணக்குக்கு ஒரு விதிவிலக்கு: 'பெயின்லெஸ்' பார்க்கர். கனடாவில் பிறந்து, பிலடெல்பியாவில் முறையாகப் பல் மருத்துவம் படித்தவர். சர்க்கஸ் போட்டு, பேண்டு வாத்தியம் முழங்க, தெருவில் பல் பிடுங்கினார். ஒரே நாளில் பிடுங்கியதாகச் சொல்லி 357 பற்களை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டார். 'வலியில்லாமல்' என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று தடுத்தபோது, 1915ல் தன் பெயரையே சட்டப்படி பெயின்லெஸ் என்று மாற்றிக்கொண்டார்!

● இன்னும் பின்னால் போனால், பல் செட் டாக்டரின் கைக்கு வந்ததே சமீபத்தில்தான். அமெரிக்க விடுதலைப் போரில் பெயர்பெற்ற பால் ரிவியர் வெள்ளி ஆசாரி. பாஸ்டனில் பொய்ப்பல்லும் கட்டிக் கொடுத்தார். பங்கர் ஹில் போரில் இறந்த நண்பர் ஜோசப் வாரனின் உடலைத் தோண்டி எடுத்தபோது, தான் கம்பியால் கட்டிய பல்லை வைத்து அடையாளம் சொன்னவர் அவர்தான். பிரான்சில் 1770களில் பீங்கான் பல் செட் யோசனை வந்தது டுஷாத்தோ என்ற மருந்துக் கடைக்காரருக்கு. அவருடைய தந்தச் செட், கடையின் மருந்து வாடையையெல்லாம் உறிஞ்சி நாறியதாம். ஜப்பானில் புத்தர் சிலை செதுக்குகிறவர்கள் மரத்தில் முழு செட் செதுக்கினார்கள். 1538ல் இறந்த ஒரு பிக்குணியின் மரச் செட் இன்றும் இருக்கிறது.

● ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரப்பல் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், பித்தளை, மனிதப் பல் எல்லாம் இருந்தன. 1784ல் கறுப்பின மக்களிடம் ஒன்பது பற்கள் வாங்கியதற்குக் காசு கொடுத்த கணக்கு, அவருடைய தோட்டத்துப் பேரேட்டில் இருக்கிறது. அவர் 1789ல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது சொந்தப் பல் ஒன்றே ஒன்று.

● பல் செட்டால் ஒரு கொலை நடந்தது.

தந்தத்தையும் தங்கத்தையும் விட்டு, கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர் வந்த பிறகுதான், 1850களில், பல் செட் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அளவுக்குச் சுலபம். ஆனால் காப்புரிமை குட்இயர் பெயரிலான ஒரு கம்பெனியின் கையில். செட் செய்யும் ஒவ்வொரு டாக்டரும் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும், செட் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களை அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேகன் ஊர் ஊராகத் தேடிப் போய் வழக்குப் போட்டார். அப்படித் துரத்தப்பட்ட சாமுவேல் சால்ஃபன்ட் என்ற டாக்டர், 1879 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டலில் பேகனைச் சுட்டுக் கொன்றார். 1930களின் கடைசியில் அக்ரிலிக் வந்ததும் அந்தப் பழுப்பு ரப்பர் மெல்ல ஒழிந்தது.

● பிரிட்டனில் பல் செட் ஒரு மந்திரியின் பதவியைப் பறித்தது. 1948 ஜூலையில் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கி, எல்லாம் இலவசம் என்றதும், அதுவரை டாக்டர் பக்கமே போகாதவர்கள் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கியூவில் நின்றார்கள். காசுதான் தடையாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? போட்ட கணக்கெல்லாம் தாண்டிச் செலவு போனது. 1951ல் அந்த இரண்டுக்கும் பாதி விலையை மக்களிடம் வாங்க அரசு முடிவு செய்தது. சேவையை உருவாக்கிய அன்யூரின் பெவன் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். கூடவே இன்னொரு அமைச்சர் ஹரால்டு வில்சனும் வெளியேறினார்.

● கல்யாணத்துக்கு முன் பெண்ணின் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுச் செட் மாட்டி அனுப்புகிற வழக்கம் பிரிட்டனின் சில பகுதிகளில் இருந்தது. வரப்போகும் மாப்பிள்ளைக்குப் பல் வைத்தியச் செலவு மிச்சம்!

● கீழ் செட் ஏன் எப்போதும் ஆடுகிறது? பல் போன தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். இருபத்தைந்து ஆண்டு வரை ஒரே ஆட்களைத் தொடர்ந்து அளந்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972ல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைப் போல நான்கு மடங்கு கரைவது தெரிந்தது. போதாக்குறைக்கு நாக்கு வேறு தள்ளும். இதைச் சொல்லாமல் செட் கொடுக்கிறவர் டாக்டரானாலும் வேறு யாரானாலும், ஒரு வருடத்தில் நோயாளி 'கட்டினவர் சரியில்லை' என்று அடுத்த ஆளைத் தேடுவார். பல பேர் டாக்டரிலிருந்து டெக்னீஷியனுக்கும், அங்கிருந்து இங்கும் மாறுவது இந்த எலும்பினால்தான்.

அடியில் அக்ரிலிக் சேர்த்து அளவு திருத்தலாம். அதைச் செய்யாமல் பசை வாங்கி அப்பிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறிப் பூசியவர்களுக்கு நரம்பு பாதித்து, கை கால் மரத்துப்போனது. 2010ல் பெரிய நிறுவனம் ஒன்று அந்த வகைப் பசையையே நிறுத்தியது.

● 2002ல் கனடாவின் மான்ட்ரியாலில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு வெறும் செட் போதாது, எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட்டை மாட்டுவதே முதல் தேர்வு என்றார்கள். இம்ப்ளான்ட் வைப்பது அறுவைச் சிகிச்சை. ஆக, டாக்டரை மறந்து டெஞ்சரிஸ்டிடம் போன கூட்டத்தில் ஒரு பகுதி, வசதி இருக்கிறவர்கள், மறுபடி டாக்டர் நாற்காலிக்கு வந்தார்கள். திருகாணி டாக்டர், செட் டெஞ்சரிஸ்ட் என்று இரண்டு பேரும் கூட்டாகச் செய்கிற ஏற்பாடும் அங்கே உண்டு.

● பல்லே இல்லாதவரும் டாக்டரிடம் போக வேண்டுமா? வேண்டும். டெஞ்சரிஸ்ட் சண்டையில் டாக்டர்கள் சொன்னதில் மறுக்க முடியாத இடம் இதுதான். வெற்றிலை, புகையிலை போடுகிற நம் ஊர் வாய்க்கு இது இன்னும் பொருந்தும். செட் உரசியதால் வந்த புண் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பது எப்போதும் செட் புண்ணாக இருக்காது. செட்டைச் சரிசெய்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டியாக வேண்டும். செட்டைத் தேய்த்துக்கொண்டே போகிறவர் கெட்டிக்காரராக இருந்தாலும் ஆபத்துதான்.

● இரவில் செட்டைக் கழட்டித் தண்ணீரில் போடச் சொல்வது செட் காய்ந்து வடிவம் கெடாமல் இருக்க, வாய்க்கும் ஓய்வு. இரவும் பகலும் மாட்டியே இருந்தால் அண்ணம் சிவந்து காளான் தொற்று வரும். கொதிக்கும் நீர் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும்.

● இந்தத் தொழிலுக்கே வாடிக்கை குறைந்துகொண்டு வருகிறது. இங்கிலாந்து, வேல்ஸில் 1968ல் வயது வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு ஒரு பல்லும் இல்லை. 2009ல் இங்கிலாந்தில் அது 6 சதவீதம். கனடாவில் 1970களின் தொடக்கத்தில் 23.6 சதவீதமாக இருந்தது, 2007-09 கணக்கெடுப்பில் 6.4 சதவீதம். முழு செட்டை மட்டுமே நம்பிய டெஞ்சரிஸ்டுகள், பாதிச் செட்டுக்கும் இம்ப்ளான்ட் மேல் மாட்டும் செட்டுக்கும் உரிமை கேட்பது இதனால்தான். மிச்சமிருக்கும் பொக்கை வாய்கள் பெரும்பாலும் வயதானவை, ஏழை வீடுகளைச் சேர்ந்தவை.

கனடாவின் பொது மருத்துவத் திட்டம் பல்லை ஆரம்பத்திலிருந்தே சேர்க்கவில்லை. காப்பீடு இல்லாத குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு மத்திய அரசின் பல் சிகிச்சைத் திட்டத்துக்கு 2023 டிசம்பரில்தான் விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். முதல் அழைப்பு 87 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. 2024 மே மாதம் சிகிச்சை தொடங்கியது. அந்தத் திட்டத்தில் அரசுக்கு நேரடியாகப் பில் அனுப்பலாம் என்ற பட்டியலில், பல் டாக்டர்களோடு டெஞ்சரிஸ்டுகளும் இருக்கிறார்கள். யாரிடம் போவது என்பதை அந்த 87 வயதுக்காரரே முடிவு செய்துகொள்ளலாம்.